தன்னையா, தனக்கா

பக்கத்து மேசைக்காரர் நல்ல மனிதர். காலையில் வந்ததும் தன் மேசையைத் துடைக்கிற அதே துணியால் என் மேசையையும் துடைத்துவிடுவார். பதினோரு வருடமாக அப்படித்தான். நேற்று அவரை இந்த அறையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வெளியே வந்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, மேசை மேசையாகப் போய்க் கண்ணாடியைத் தேடினார். பார்க்கச் சகிக்கவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே வந்தேன்.

உங்கள் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மொழித் தேர்வு நிலையத்தில் பிரெஞ்சு விடைத்தாள் திருத்துகிற நான், என் வீட்டிலேயே குடியிருந்த என் தம்பி மனைவி தேர்வு எழுதியதை மறைத்தேன். பக்கத்து மேசைக்காரரைப் பிடித்து அவளைத் தேர்ச்சிபெற வைத்தேன். முதல் பாதி சரி, மறைத்தேன். இரண்டாம் பாதி தலைகீழ். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் யாருக்கும் ஒரு மதிப்பெண்கூட நான் கூடுதலாகப் போட்டதில்லை. தம்பி மனைவிக்கும் போடவில்லை. அவளைத் தேர்ச்சிபெறாமல் வைத்தது நான்தான்.

நடந்துகொண்டே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆட ஆரம்பித்துவிடுகிறது, அப்புறம் மேசையும் சேர்ந்து ஆடுகிறது. எழுதிக்கொள்பவருக்கு வேகம் அதிகமாக இருந்தால் சொல்லட்டும், நிறுத்திச் சொல்கிறேன்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பிரெஞ்சு பேசுகிற ஊரில் வேலை கிடைத்துப் போனபோது அவன் மகளுக்கு ஒரு வயது. மனைவிக்கு அங்கே விசா கிடைக்க வேண்டுமென்றால் மொழித் தேர்வுச் சான்றிதழ் கட்டாயம். குழந்தைக்குத் தேர்வு கிடையாது, தாயோடு போய்விடலாம். ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவரை தாயும் பிள்ளையும் எதற்குத் தனியாக இருக்க வேண்டும் என்று நான்தான் என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் திரும்பி வந்த எனக்கு அது போதுமான வீடு. மூன்று பேருக்கும் போதுமாகத்தான் இருந்தது.

தம்பி மனைவியை வீட்டில் எல்லோரும் மைனா என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸை அறுத்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. நாள் முழுக்க அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்று அளந்து அளந்து, வீட்டுக்கு வந்ததும் அளவே இல்லாமல் பேசுவாள். குழந்தைக்குப் பட்டாணி என்று பெயர் வைத்ததும் அவள்தான். பிறந்தபோது அவ்வளவு சிறியதாக இருந்ததாம்.

நீங்கள் நிர்வாகப் பிரிவு. பிரெஞ்சு தெரியாது என்று வந்ததுமே சொன்னீர்கள். நான் செய்ததைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதியைச் சொன்னால் போதும்.

சில வினைகள் செய்தவளிடமே திரும்பி வரும். தமிழில் 'கொள்' சேர்க்கிறோமே, கழுவிக்கொண்டாள், உடைத்துக்கொண்டாள், பேசிக்கொண்டார்கள் என்று, ஏறத்தாழ அதுபோல. இறந்தகாலத்தில் எழுதும்போது, செய்தவள் பெண் என்றால், வினையின் கடைசியில் ஓர் e சேர்க்க வேண்டியிருக்கும். இங்கே நாங்கள் அதை வால் என்போம். ஆனால் எல்லா இடத்திலும் வால் போட்டுவிடக் கூடாது. அவள் தன்னைக் கழுவிக்கொண்டாள் என்றால் வால் உண்டு. அவள் கையைக் கழுவிக்கொண்டாள் என்றால் கிடையாது. அங்கே கழுவப்பட்டது கை. அவள் அந்தக் கைக்குச் சொந்தக்காரி, அவ்வளவுதான். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள் என்றாலும் வால் இல்லை. பிரெஞ்சில் ஒருத்தியைப் பேச முடியாது, ஒருத்திக்குத்தான் பேச முடியும். ஆக, கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். வினை போய் விழுந்தது தன்னையா, தனக்கா? தன்னை என்றால் வால். தனக்கு என்றால் வெறுமனே விட்டுவிட வேண்டும். பொருள் முன்னால் வந்துவிட்டால் வேறு மாதிரி, அது உங்களுக்கு வேண்டாம்.

வாலை உச்சரிப்பதில்லை. வாய்விட்டுப் படித்தால் போட்டவளுக்கும் போடாதவளுக்கும் ஒரே ஓசைதான். தாளில் பார்த்தால்தான் தெரியும்.

மைனாவுக்கு இது பிடிபடவே இல்லை. சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"அக்கா, இந்த எழுத்து காதுல விழாதுல்ல?"

"விழாது."

"அப்ப அதுக்கு என்ன வேலை?"

"சும்மா நிக்கறதுதான் வேலை."

"எங்க கடையிலயும் ஒருத்தர் அப்படி நிக்கறார். முதலாளியோட மச்சான்."

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். பட்டாணி என்னவென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து கைதட்டிச் சிரித்தாள்.

முதல் தடவை அவள் நியாயமாகவே தோற்றாள். ஐம்பது வேண்டும், நாற்பத்தேழு. திருத்தியவர் வேறு யாரோ. நான் அந்தத் தாளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அன்று அவள் அழுதபோது உண்மையாகவே எனக்கு வருத்தமாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம்தான் உட்கார்ந்து முறையாகச் சொல்லித்தந்தேன், தன்னையா தனக்கா என்று. இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். சமையலறையில் நின்றுகொண்டு, "விரல வெட்டிக்கிட்டேன், வெட்டுனது விரலத்தான், என்னை இல்ல, வால் வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலைத் தண்ணீரில் காட்டினாள். அந்த அளவுக்கு ஏறிவிட்டது.

இரண்டாவது தேர்வு முடிந்து வந்தவள் தன் எண்ணை என்னிடம் சொன்னாள். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. "அக்கா, ஏழு நாலு ஒண்ணு ஏழு. உங்க கையில வந்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டுத் திருத்துங்க" என்றாள். வேடிக்கையாகச் சொன்னதுதான். தாள் என்னிடம் வரவில்லை, பக்கத்து மேசைக்காரரின் விடைத்தாள் கட்டுக்குள் இருந்தது. அவருடைய தாள்களில் எழுத்து கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, எனக்குக் கண் வலிக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எப்படி எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். நன்றாக எழுதியிருந்தாள். ஐம்பத்திரண்டு வந்தது. அந்தப் பகுதியில் பத்துக்குப் பத்து. ஒவ்வொரு வாக்கியமாக மனசுக்குள் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள் என்பது தெரிந்தது.

அந்த வாரம் பட்டாணிக்குக் காய்ச்சல். மைனா கடைக்குப் போயே ஆக வேண்டியிருந்ததால் மூன்று நாள் விடுப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டது நான். மூன்று நாளும் குழந்தை என் மார்மேலேயே கிடந்தது. இறக்கிவிட்டால் சிணுங்கும். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியாது, தோளில் போட்டுக்கொண்டே குடிப்பேன். நான்காம் நாள் வேலைக்கு வந்து உட்கார்ந்தால், இடது தோள் மட்டும் சில்லென்று இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர்க் குழாய் வரை போவேன், வருவேன். மறுபடி போவேன். பக்கத்து மேசைக்காரர், "உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போங்களேன்" என்றார்.

இதைச் சொன்னதால் குழந்தைதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். குழந்தை காரணமில்லை. அந்த ஊரில் குளிர் அதிகம், தம்பி இருந்ததோ நான்கு ஆண்கள் தங்கியிருந்த ஓர் அறை, மைனாவுக்கு அங்கே ஒரு முகமும் தெரியாது. தேர்ச்சி பெற்றாலும் அவள் இன்னும் தயாராகவில்லை என்பது என் அபிப்பிராயம். திருத்துகிறவளுக்கு அபிப்பிராயம் இருக்கலாம்தானே.

தேர்வு அறையில் எல்லோருக்கும் நிலையமே கறுப்புப் பேனா தருகிறது. அந்தப் பேனாக்கள் ஒரு பெட்டி நிறைய என் அலமாரியில்தான் இருக்கும். ஒன்றை எடுத்தேன். அவள் கையை உடைத்துக்கொண்டாள். அவள் தனக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டாள். அவள் தனக்குள் பேசிக்கொண்டாள். மூன்றும் தனக்கு வகை. மைனா மூன்றையும் வெறுமனே விட்டிருந்தாள். மூன்றிலும் ஒவ்வொரு வால் சேர்த்தேன். அழிக்கவில்லை, அடிக்கவில்லை. சேர்ப்பதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றையும் சுழித்தேன். நாற்பத்தொன்பது.

அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாய்க்குப் போகவில்லை. மாலை வரை நிம்மதியாக உட்கார்ந்து மீதிக் கட்டை முடித்தேன்.

தபால் வராததும், மூன்று வாலில் போயிற்று என்று நான்தான் சொன்னேன். மைனா நம்பவில்லை. அவளுக்கு வாக்கியங்கள் அப்படியே ஞாபகம் இருந்தன.

"அக்கா, நான் வால் போடலை. கை உடைஞ்ச வாக்கியம் நல்லா ஞாபகம் இருக்கு. உடைஞ்சது கை, அவ இல்லன்னு சொல்லிட்டேதான் எழுதினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பரபரப்புல மனசு ஒண்ணு நினைக்கும், கை ஒண்ணு எழுதும்."

"என் கை நான் சொல்றதக் கேக்காதா?"

"அந்த நேரத்துல கேக்காது."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை என்பதுதான் உண்மை. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்கியவள் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தேனா என்று கடையிலிருந்து போன் செய்வாள். ஒரு நாள் யாருக்கோ இடது கண் லென்ஸை வலது பக்கம் பொருத்திவிட்டாள். முதலாளி திட்டினார். "நான் சரியாத்தான் வெச்சேன்னு நினைச்சேன் அக்கா" என்றாள். பேச்சு குறைந்தது. சொல்ல ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், சரியா என்று. நான் தலையாட்டினால்தான் முடிப்பாள். வீடு அமைதியாகிவிட்டது. பட்டாணிக்கும் அதில் ஒரு நன்மை இருந்தது. சீக்கிரம் தூங்கப் பழகிக்கொண்டாள்.

தம்பி வாரம் ஒரு தடவை பேசுவான். மைனா குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு நாள் என்னிடம் கேட்டான்.

"அக்கா, உண்மையச் சொல்லு. அவளுக்கு இங்க வர மனசு இருக்கா, இல்லையா?"

"எனக்கென்னடா தெரியும்?"

"ரெண்டு தடவை ஃபெயில். இங்க எங்கூட வேலை செய்யறவனோட பொண்டாட்டி ஆறாவது வரைக்கும்தான் படிச்சிருக்கு. அதுவே பாஸ் பண்ணிட்டு வந்துடுச்சு."

"புத்தகத்த எடுத்தா தூங்கிடறா. சொல்லிப் பாத்துட்டேன். நீ இத அவகிட்ட கேட்டுவெக்காத, மனசு கஷ்டப்படும்."

அவன் கேட்கவில்லை. என் தம்பி சொன்ன பேச்சைக் கேட்பவன். வாரம் ஒரு தடவை என்றிருந்தது, பத்து நாளைக்கு ஒரு தடவை என்று ஆனது. என்ன கோபம் என்று மைனாவுக்குப் புரியவில்லை. அவனிடம் கேட்கவும் அவளுக்குப் பயம்.

மூன்றாவது தாளையும் கண் வலி என்று சொல்லித்தான் பக்கத்து மேசைக்காரரிடமிருந்து மாற்றிக்கொண்டேன். அந்தத் தேர்வில் பாதிக்குமேல் அவள் வேலைதான். தெரிந்த விடைகளையே மாற்றி மாற்றி எழுதி அடித்திருந்தாள். தாள் முழுக்க ஒரே அடித்தல். அப்படியும் கூட்டிப் பார்த்தால் சரியாக ஐம்பது வந்தது. ஒரு வால் போதுமாக இருந்தது. மூன்று எங்கே, ஒன்று எங்கே. அதனால் மூன்றாவதை முழுக்க என் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

அதன்பிறகு அவள் என்னிடம் படிக்கவில்லை. கண்ணாடி வாங்க வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கடையின் பின்னறையில் பாடம். லென்ஸ் சுற்றி வருகிற மெல்லிய தாள்களில் வாக்கியம் எழுதிப் பழகுவாள். துணி துவைக்கும்போது அவள் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாள்கள் கசங்கி வரும். நான் விரித்துப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். பார்த்துவிட்டு வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடப்பேன். சமையலறைக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாது. பட்டாணியின் உடுப்புகளை அலமாரியிலிருந்து எடுத்து மடித்து வைப்பேன், மறுபடி எடுத்து மறுபடி மடிப்பேன். அந்த இரண்டு மாதமும் அப்படித்தான் போனது.

நான்காவது தாளும் பக்கத்து மேசைக்காரருக்கே போயிற்று. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க கண் வலின்னு சொல்வீங்கன்னு தெரியும், அதான் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து ரெண்டு கட்டையும் முடிச்சுட்டேன்" என்றார். அறுபத்தொன்று போட்டிருந்தார். எனக்கு உதவி செய்ததாகத்தான் அந்த மனிதர் நினைத்தார். அது யாருடைய தாள் என்று அவருக்கு அப்போது தெரியாது. நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்திருக்கும். இவ்வளவுதான் அவர் பங்கு. அவரை விட்டுவிடுங்கள்.

தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும்தான் நாம் பதிவுத் தபால் அனுப்புகிறோம். தவறியவர்களுக்கு ஒன்றும் வராது, வராததுதான் முடிவு. தபால் ஒரு புதன்கிழமை வந்தது. புதன் எனக்கு விடுப்பு, மைனா கடையில். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உங்களிடம் இருக்கிற அந்த ரசீதில் உள்ளது என் கையெழுத்துதான், ஒப்புக்கொள்கிறேன். சாயங்காலம் கொடுக்கலாம் என்று கைப்பையில் வைத்தேன். சாயங்காலம் அவள் களைத்து வந்தாள். சாப்பிடட்டும் என்று விட்டேன். சாப்பிட்டதும் பட்டாணியைத் தூங்க வைக்கப் போய்விட்டாள். மறுநாள் கொடுத்திருந்தால் நேற்றே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டிருப்பாள். அப்படியே நாள் போயிற்று.

நான் பொய் சொல்லவில்லை. தோற்றுவிட்டாய் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. தபால் வந்ததா என்று கேட்பாள், கேட்கும்போதே தானே இல்லை என்று தலையாட்டிக்கொள்வாள். கடைக்குப் போகாத நாளில் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். தபால்காரர் கீழ் வீட்டோடு திரும்பிப் போவதை மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். மூன்று வாரம் பார்த்தாள். மூன்றாவது வாரக் கடைசியில், பட்டாணிக்குத் தலை சீவிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, நான் வேற வழியில போறேன்."

"என்ன வழி?"

"கடைக்கு வர ஒரு அம்மாவோட தங்கச்சி அப்படித்தான் போச்சு. லாரியில கொஞ்ச தூரம், அப்புறம் படகு. ஏஜென்ட் இருக்கான்."

"பைத்தியமா உனக்கு?"

"அவர் குரலே மாறிடுச்சு அக்கா. இன்னும் ஆறு மாசம் விட்டா அவரு எனக்கு இல்லை. நேர்ல போய் நின்னாதான் உண்டு." சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், சீவவில்லை. "இவளை அந்த வழியில கூட்டிட்டுப் போக முடியாது. நீங்க பாத்துக்கறீங்களா? ஆறே மாசம். அங்க போய் ஏதாவது பண்ணி அழைச்சுக்கறேன்."

நான் தடுத்தேன். படகு ஆபத்து என்றேன், தண்ணீர் என்றாலே உனக்குப் பயமாயிற்றே என்றேன். இரண்டு தடவை சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

பட்டாணியைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும், "பாத்துக்கறேன்" என்றேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பஸ் நிலையத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மதிய வெயில். குழந்தை அழும் என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். மைனா ஒரே ஒரு பைதான் எடுத்துக்கொண்டாள். ஏஜென்ட் அதற்குமேல் கூடாது என்று சொல்லியிருந்தானாம். பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. பையின் ஜிப்பைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன். "என்ன அக்கா தேடறீங்க?" என்று கேட்டாள். "கர்ச்சீப்" என்றேன். அவள் தன்னுடையதைக் கொடுத்தாள்.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததும் ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய மைனா மாதிரி பேசினாள். "அக்கா, அங்க போய் அந்த ஊர்க்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கப்போறேன், ஏன்யா இப்படி ஒரு வால வெச்சு உயிர வாங்கறீங்கன்னு." பஸ் கிளம்பிவிட்டது. மீதியும் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. திரும்பும்போது நான் வேகமாக நடந்தேன். பக்கத்து வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும் என்ற நினைப்பு.

பதினொன்றாம் நாள் படகு கவிழ்ந்தது. துறைமுகக் காவல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் என் முகவரிக்குத்தான் வந்தது. அவள் பையில் அதுதான் இருந்ததாம். பிரெஞ்சில் நான்கு வரி. கடைசி வரியில் மூன்றே சொல். பிரெஞ்சில் மூழ்கி இறந்தாள் என்பதை, தன்னை மூழ்கடித்துக்கொண்டாள் என்றுதான் எழுதுவார்கள். தானாகக் குதித்தாள் என்று அர்த்தமில்லை, அந்த மொழியின் வழக்கம் அது. தன்னை வகை. எழுதியவர் வால் போட்டிருந்தார். சரியாகத்தான் போட்டிருந்தார்.

அதைப் பலமுறை படித்தேன். கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் அந்த வரி எனக்கு ஆறுதலாக இருந்தது. செய்தவளும் அவளே, பட்டவளும் அவளே. இன்னொருத்திக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. எங்கே வைப்பீர்கள்? இலக்கணம் விடாது.

தம்பி அங்கேயே அடக்கம் செய்துவிட்டான். நான்கு மாதம் கழித்து விசா அலுவலகத்திலிருந்து அவனுக்கு ஒரு நினைவூட்டல் போயிருக்கிறது. உங்கள் மனைவி மொழித் தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டார், சான்றிதழை ஏன் இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்று. அந்தக் காகிதத்தோடு போன வாரம் வந்து இறங்கினான். நேராக இந்த நிலையத்துக்கு வந்து தபால் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறான். அப்போதுதான் உங்கள் ஆட்களும் முகவரியைக் கவனித்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, இது உன் கையெழுத்துதானா?"

"ஆமா."

"அவ பாஸ் பண்ணினது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பஸ் ஏத்திவிடறப்பவே தெரியுமா?"

ஆமாம் என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்க் குழந்தையின் உடுப்புகளை எடுத்து ஒரு பையில் திணிக்க ஆரம்பித்தான். மடிக்காமல், சுருட்டிச் சுருட்டி. அவனுக்கு எதுவும் தெரியாது. அவள் குளிர்காலத்துக்கு எதைப் போடுவாள், எந்தத் துணி உறுத்தும் என்று ஒன்றும் தெரியாது.

ஆகவே உங்கள் கோப்பில் இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது தாளில் மூன்று, மூன்றாவதில் ஒன்று, மொத்தம் நான்கு வால். போட்டது நான். தபாலை வாங்கி வைத்தது நான். தெரிந்தே அவளைப் பஸ் ஏற்றியது நான். இவற்றுக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எனக்கென்று இதில் நான் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொன்னால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். பட்டாணிக்கு மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டுவிடுவார்கள். இன்றைக்குத் தானே போய் அழைத்துக்கொள்வதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். போகட்டும், பெற்றவன்தானே. ஆனால் அவள் அவனோடு போக மாட்டாள். போன வாரம் அவன் கையை நீட்டியபோதே வீறிட்டு அழுது என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா எங்கே என்று தினமும் கேட்பாள், நானும் தினமும் உள்ளதைத்தான் சொல்வேன்: அப்பாகிட்டப் போனா, திரும்பி வரல. அவ்வளவுதான். மற்றபடி நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தைகள் தாங்களாகவேதான் கற்றுக்கொள்கிறார்கள்.